மனையணியும் மறுபயனும்

வீடு சிறிதாயினும் கண்ணுக்கினியதாய் இருத்தல் வேண்டும் என்று விரும்பாதார் இலர். ஓட்டு வீட்டில் வாழ்வோரும், வாடகைக்கு எடுத்த ஒற்றையறையில் வாழ்வோரும், விடுதியில் நால்வருக்கு ஓர் அறை எனப் பங்கிட்டுக்கொண்ட எம்போன்ற மாணவரும் இவ்விருப்பத்தில் ஒருவர்க்கொருவர் குறைந்தவரல்லர். ஆயின், மனையணி என்றவுடன் இன்று பலர் நினைவுக்கு வருவது கடைவீதியே. புதுத் திரை, புது விரிப்பு, சுவரில் மாட்ட ஒரு படம், மேசைமேல் வைக்க ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து என்று பட்டியல் நீளுகின்றது. குறைந்த செலவில் வீட்டை அழகு செய்வது எங்ஙனம் என்று கற்பிக்க வருவோருங்கூட, இன்ன பசை வாங்குக, இன்ன வண்ணம் வாங்குக, இன்ன மினுக்குத்தாள் வாங்குக என்றே பாடத்தைத் தொடங்குகின்றனர். சிக்கனத்திற்கே ஒரு செலவுக் கணக்கு! இவ்வேடிக்கையைக் கண்டே இப்பொருள் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

பழைய பொருளைப் பழுதென்று எறியாது, முன்னிருந்ததினும் மதிப்புடைய வேறொன்றாக ஆக்கிக்கொள்ளுதலை மேனாட்டார் 'அப்சைக்கிளிங்' என்பர். 1994-இல் ஒரு நேர்காணலில் இச்சொல்லை எடுத்துரைத்தவர் ரைனர் பில்ஸ் என்னும் ஜெர்மானியப் பொறியியலார். பழைய கட்டடத்தை இடித்துச் செங்கல்லையெல்லாம் நொறுக்கிவிட்டு அதற்கு மறுசுழற்சி என்று பெயரிடுகின்றார்களே, அது பொருளைக் கீழிறக்குவதன்றோ என்பது அவர் கொண்ட குறை. யாம் இக்கட்டுரையில் அதனை 'மறுபயன்' என்றே வழங்குவோம்.

சொல் புதிது, செயல் புதிதன்று. நம் மொழியில் பழையதைப் புதுக்குதற்கென்றே எத்துணை வினைச்சொற்கள் உள்ளன என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம். கிழிந்ததைப் பொத்துதல், தையல் விட்டதை மூட்டுதல், ஓலையை முடைதல், கயிற்றைப் பின்னுதல், கூரையைப் பிரித்து வேய்தல், தரையை மெழுகுதல், சுவருக்குச் சுண்ணம் அடித்தல், பித்தளைக்கு ஈயம் பூசுதல், கத்திக்குச் சாணை பிடித்தல், அம்மி கொத்துதல் என அவை விரிகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒருவர்க்குத் தொழிலாயிருந்தது. அம்மி கொத்துவார் தெருவிற் கூவிச் சென்ற குரலை எம் பாட்டிமார் இன்றும் நினைவு கூர்வர்.

அரசர் மனையிலும் இவ்வழக்கு இருந்தது என்பதற்குச் சங்க நூலே சான்று. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை விரிவாகப் புனைந்துரைக்கின்றார். நாற்பது ஆண்டு நிரம்பிய யானை போர்க்களத்தே பொருது மடிய, அதன் கொம்பைக் கொண்டு கைவல்ல தச்சன் அக்கட்டிலை அமைத்தான் என்பது அவர் தரும் செய்தி. கொம்பு வேண்டிக் காட்டு யானையைக் கொன்றார்கள் என்று அவர் கூறவில்லை. களத்தில் வீழ்ந்து கிடந்ததே மனைக்குள் அணியாயிற்று. வகுப்பில் இப்பகுதியைப் படிக்குங்கால் உவமை நயத்தையும் சொற்பொருளையும் மட்டும் குறித்துக்கொண்டு மேற்செல்லுகின்றோம்; இச்செய்தி நம் கண்ணிற் படுவதில்லை.

இனிக் கொங்கு நாட்டு வீட்டிற்கு வருவோம். பழைய வீடுகளில் முகப்பில் திண்ணை, அதனை அடுத்து ஆசாரம், பின்புறம் 'பொடக்காணி' என்று நம்மவர் வழங்கும் புழக்கடை. ஆசாரத்தின் அழகுக்குக் காசு கொடுத்து வாங்கியது பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பும், அடியில் ஒரு முழ உயரம் செங்காவிப் பட்டையும் ஏறும். கிறிஸ்தவ வீடுகளில் அதே வேலை ஒரு மாதம் முன்னரே, கிறிஸ்துமஸுக்காக முடிந்துவிடும். போகி நாளில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி இறவாரத்தில் செருகுவது 'காப்புக் கட்டு'. பச்சையும் மஞ்சளும் வெள்ளையும் ஒருங்கே அமைந்த அக்கொத்தினும் நல்ல முகப்பணியைப் பெருங்கடைகளில் யாம் கண்டதில்லை. வேலியோரத்திற் பறித்தது, வாடினால் எருக்குழிக்குப் போவது. நட்சத்திர விளக்கும் அத்தகையதே. மூங்கிற் சிம்பைக் கட்டி வண்ணத்தாள் ஒட்டிய விண்மீனை அடுத்த ஆண்டும் தாள் மாற்றித் தொங்கவிடலாம். இன்று கடையில் வாங்கும் பிளாஸ்டிக் விண்மீன் மடிப்பில் ஒருமுறை கிழிந்தால் அதன் கதை முடிந்தது.

அவ்வீடுகளின் கூரையில் உள்ள சீமை ஓட்டையும் இங்குக் குறித்தல் வேண்டும். 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்பவர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவ்வகை ஓடு மேற்குக் கரையினின்று நம் பக்கத்திற்கும் பரவிற்று. அதன் சிறப்பு யாதெனில், ஆணியோ சாந்தோ இன்றிச் சட்டத்தின்மேல் ஒன்றை ஒன்று பற்றி அமர்ந்திருத்தல். ஆதலின் ஒரு வீட்டைப் பிரித்தால் ஓடுகள் உடையாமல் இறங்கும். மற்றொரு வீட்டில், மாட்டுக் கொட்டகையில், கிணற்று மேட்டு அறையில் மீண்டும் ஏறும். தாத்தா காலத்து ஓடு பேரன் வீட்டில் மழையைத் தாங்குவது இதனாலேயாம். இச்சிறு செய்தியைப் படிப்பவர்கள் நினைவிற் கொள்க. பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இத்துணை நல்ல வழக்கம் ஏன் மங்கிற்று? பொருள் மலிந்ததனால் என்பர் சிலர். அதுவும் ஓரளவு உண்மை. எமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது நாணம். ஒட்டுப்போட்ட போர்வையை விருந்தினர் வருங்கால் புறம் மாற்றி மடிக்கும் மாணவரை விடுதியிற் காணலாம். வீட்டில் பழஞ்சேலையை மடித்துத் தைத்த மெத்தை விரிப்பு இருக்கும். நண்பரை அழைத்து வருமுன் அதனை ஒளித்து வைப்பர். மஞ்சள் பையின் வரலாறும் இதுவே. திருமணத்திலும் ஜவுளிக் கடையிலும் கொடுத்த அத்துணிப் பை ஒரு காலத்தில் எல்லார் கையிலும் இருந்தது. பின்னர் அதனை ஏந்தி வருவோன் பட்டிக்காட்டான் என்று திரைப்படங்களும் நகையாடின; நாமும் சேர்ந்து நகைத்தோம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடை செய்யப்பட்டது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் நடத்த வேண்டி வந்தது. எள்ளி எறிந்ததை அரசாணை கொண்டு மீட்டோம்!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றோர் ஊர் உண்டு. அடிமைகளின் வழிவந்த கருப்பினப் பெண்கள், உழுது தேய்ந்த கால்சட்டைகளையும் கிழிந்த உடைகளையும் வெட்டி இணைத்துக் குளிருக்குப் போர்வை தைத்தனர். வறுமையிற் பிறந்த அப்போர்வைகள் 2002-இல் ஹூஸ்டனிலும் பின்னர் நியூயார்க்கிலும் கலைக்கூடங்களின் சுவரில் தொங்கவிடப்பட்டன. அறிஞர் வியந்தனர். நன்று. அதே கைவேலை நம் பாட்டி செய்தால் ஏழ்மை, அயல்நாட்டுக் கூடத்தில் தொங்கினால் கலை என்று கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? செல்வர் வீட்டு முகப்பில் பழைய மாட்டுவண்டிச் சக்கரம் சாய்த்து வைத்திருந்தால் அதனை இரசனை என்கின்றோம். குடியானவர் வீட்டில் அதே சக்கரம் வேலிக்கதவாக நின்றால் இல்லாமை என்கின்றோம். இரண்டினுள் அச்சக்கரத்திற்கு வேலை கொடுத்தவர் குடியானவரே என்பது எம் துணிபு.

மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். பழம்பொருளை அலங்கரிப்பதெல்லாம் மறுபயன் ஆகிவிடாது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் 'கழிவிலிருந்து கலை' என்று போட்டிகள் நடக்கின்றன. யாம் கண்ட ஒன்றில் நிகழ்ந்ததை ஊரும் பெயரும் விடுத்துக் கூறுகின்றோம். போட்டிக்கு முந்தைய நாள் மாணவர் சிலர் குளிர்பானப் புட்டிகளை வாங்கினர். குடித்தது பாதி, கொட்டியது பாதி. காலிப் புட்டிகளின்மேல் பசை தடவி, மினுக்குத்தூள் தூவி, வண்ணக் கயிறு சுற்றிப் பூச்சாடி என்று வைத்தனர். பரிசும் கிடைத்தது. மறுநாள் அவையெல்லாம் குப்பைத் தொட்டியிற் கிடந்தன. பழைய பேப்பர்க் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "வெறும் பாட்டிலா இருந்தா எடுத்திருப்பனுங்க, இதை என்ன பண்றதுங்க?" என்று கேட்டுச் சென்றார்.

அவர் கேட்ட கேள்வியில் ஓர் இலக்கணம் அடங்கியுள்ளது. வெறும் புட்டிக்கு விலையுண்டு. உருகி மீண்டும் பயன்படும் தகுதி உண்டு. பசையும் தூளும் ஏறியபின் அதனைப் பிரிக்க எவராலும் இயலாது. இதுகாறும் பயன்படக்கூடிய பொருளாயிருந்தது இப்பொழுதுதான் உண்மையில் குப்பையாயிற்று. கலை என்ற பெயரால் குப்பையை நாமே உண்டாக்கினோம்! அது செல்லுமிடம் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு. 2024 ஏப்ரலில் அங்குப் பற்றிய தீ பல நாள் புகைந்ததையும், சுற்றுப்புற மக்கள் பட்ட துன்பத்தையும் கோவையார் எளிதில் மறவார்.

ஆகவே எம் கருத்து இது. மறுபயனுக்கு உகந்த வேலை கட்டுதல், கோத்தல், பின்னுதல், தைத்தல், செருகுதல், அடுக்குதல் என்பன, உகவாதது ஒட்டுதல். முன்னவை அவிழும், பின்னது அவிழாது. கயிற்றுக் கட்டில் தளர்ந்தால் இழுத்துக் கட்டலாம். கயிறு அற்றால் சட்டம் நிற்கும். சட்டம் உளுத்தால் கயிறு வேறொன்றுக்காகும். சீமை ஓட்டைப் பற்றி மேலே கூறியதும் இதற்கே. பொருளுக்கு மறுபிறவி கொடுக்க நினைப்பவர், அதன் மூன்றாம் பிறவிக்கும் வழி விட்டு வைத்தல் வேண்டும். மூங்கில் விண்மீனில் தாளை ஒட்டுகின்றோமே எனின், அது கஞ்சிப் பசை; நீர் பட்டால் விட்டுவிடும்.

இவ்விதிக்கு ஒரு புறனடையும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), தம் வீட்டுச் சுவர்களில் பழைய புட்டிகளையும் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் சாந்தில் பதித்தார். இடித்த வீடுகளின் கதவுகளை வாங்கிப் பொருத்தினார். தொழுநோயாளர் மருத்துவப் பணிக்கெனக் கட்டடம் அமைக்க 1945-இல் இங்கிலாந்தினின்று வந்து, இந்நாட்டினராகவே ஆனவர் அவர். சாந்தில் பதித்த புட்டி அவிழாதே என்பீர். மெய்தான். ஆனால் அச்சுவர் நிற்குந்துணையும் அப்புட்டி வெளிச்சத்தை உள்ளே விடுகின்றது. அதற்கு ஒரு வேலை உண்டு. மேசைமேல் மினுக்கிக்கொண்டு நிற்கும் புட்டிக்கு என்ன வேலை? தூசி தாங்குவதுதான்.

நம் பகுதியில் இச்செயல் பெருந்தொழிலாகவே நடைபெறுவதைப் பலர் அறியார். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை நிறுவினார். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பின்னர்த் திருப்பூரில் பனியன் தொழில் ஓங்கிற்று. அங்கு உடையை வெட்டுங்கால் மிஞ்சும் துண்டுகளைக் 'கட்டிங் வேஸ்ட்' என்பர். அவை எறியப்படுவதில்லை. பெண்கள் அமர்ந்து அவற்றை நிறம் நிறமாகப் பிரிக்கின்றனர். பற்கள் பொருத்திய உருளைகள் அவற்றைக் கிழித்துப் பஞ்சாக்குகின்றன. 'ஓப்பன் எண்ட்' என்னும் முறையில் அப்பஞ்சு மீண்டும் நூலாகின்றது. சிவப்புத் துண்டு சிவப்பு நூலாகவே வருதலின் சாயம் தோய்க்கும் வேலை குறைகின்றது. இதன் அருமை நொய்யல் ஆற்றை அறிந்தோர்க்கே விளங்கும். பாசனத்திற்கென 1992-இல் அவ்வாற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கழிவுநீரை முற்றும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நிறம் பிரிக்க அமர்ந்திருக்கும் அப்பெண்கள் ஆற்றுக்கும் நன்மை செய்கின்றனர். அவர்கள் பெயரை எந்தக் கண்காட்சியும் எழுதி வைப்பதில்லை.

ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. துணியைக் கிழித்துப் பஞ்சாக்குங்கால் இழை குறுகுகின்றது. குறுகிய இழையில் பருநூலே நூற்க இயலும். மேலாடைக்கு மெல்லிய நூல் அதில் வாராது. மிதியடிக்கும் விரிப்புக்கும் துடைப்புத் துணிக்கும் ஆகும். பில்ஸ் குறைகூறிய கீழிறக்கம் இங்கும் உண்டு. ஆதலின் துணி துணியாய் இருக்குமளவும் அதனைத் துணியாகவே பயன்கொள்ளுதல் நன்று. சேலை, பின்பு திரை, பின்பு தலையணை உறை, பின்பு கீற்றாகக் கிழித்துப் பின்னிய மிதியடி, கடைசியிற் பஞ்சு என இறங்குவது முறை. எம் பாட்டிமார் இவ்வரிசையைப் பிழையின்றி அறிந்திருந்தனர். குழந்தைக்குத் தூளி கட்டுவதை நாம் இடையில் மறந்துவிட்டோமே என்று அவர்கள் திருத்தவுங்கூடும்.

செய்முறை இல்லாமல் இத்தகைய கட்டுரை நிறைவுறாது. யாம் செய்து பார்த்தவை சிலவற்றைக் கூறுவோம். முதலாவது சுவர். சுண்ணாம்புக் கல்லை முந்தின நாளே நீரிலிட்டு நீற்றுக (அப்பொழுது கொதிக்கும், முகத்தை அருகிற் கொண்டுசெல்லற்க). மறுநாள் துணியில் வடிகட்டிப் பால் போலக் கரைத்து, சிறிது அரிசிக் கஞ்சி சேர்த்து, வெண்மைக்கு ஒரு துளி நீலம் கலக்குக. சுவரின் தூசியைத் தட்டி நீர் தெளித்து ஈரமாக்கிய பின்னரே பூசுதல் வேண்டும். தடிப்பாக ஒருமுறை அடிப்பதினும் மெல்லியதாக இருமுறை, மும்முறை அடிப்பது நிற்கும். நிறம் வேண்டின் செங்காவியோ மஞ்சட்காவியோ கலக்கலாம். மண்ணிற் பிறந்த நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், பூச்சாறும் இலைச்சாறும் தாங்கா. முன்னரே பிளாஸ்டிக் பெயிண்டு பூசிய சுவரில் சுண்ணாம்பு பற்றாது; அவ்வறையினர் இம்முயற்சியை விட்டுவிடுக.

இரண்டாவது இருக்கை. பிரம்பு அறுந்த நாற்காலியின் சட்டம் உறுதியாயிருந்தால் இரண்டு மூன்று பழைய நூற்சேலைகள் போதும். நான்கு விரல் அகலத்தில் நீளவாக்கிற் கிழித்து, இரண்டிரண்டாய் முறுக்கி, முதலில் நெடுக்காகவும் பின்பு குறுக்கே மேலும் கீழுமாகவும் இழுத்துப் பின்னுக. பருத்தி சில வாரத்தில் தளரும். மீண்டும் ஒருமுறை இழுத்துக் கட்டினால் பின்பு அமர்ந்துவிடும். வழுக்கும் நைலான் சேலை இதற்கு ஆகாது. மூன்றாவது விளக்கு. ஆலைகளில் நூல் சுற்றி வரும் காகிதக் கூம்புகள், நூல் தீர்ந்தபின் கழிக்கப்படுகின்றன. அவற்றின் பக்கத்தில் ஊசியால் துளையிட்டு, நுனியை அறுத்து, மின்கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் சுவரெல்லாம் புள்ளிக் கோலமாக ஒளி விழும். சூடேறாத எல்.இ.டி. விளக்கே இதற்குத் தக்கது; பழைய குமிழ் விளக்கு காகிதத்தைக் கருக்கிவிடும்.

ஆட்டுக்கல்லுக்கு ஒரு வார்த்தை. மாவரைக்கும் மின்னியந்திரம் பிறந்தது நம் கோயம்புத்தூரிலேயாம். அது பிறந்த ஊரிலேயே பழைய ஆட்டுக்கற்கள் அநாதையாய்ப் பொடக்காணியிற் கிடப்பது இயல்பே. அதன் குழியில் நீர் விட்டு வைத்தால் கோடையில் குருவிகள் வரும். நாள்தோறும் நீரை மாற்றுக. இல்லையேல் குருவிக்கு முன் கொசு வரும்.

இனி எம்மோடு மாறுபடுவார் கேட்கும் கேள்விக்கு விடை கூறுதல் கடன். எல்லாரும் பழையதையே பின்னித் தைத்துக்கொண்டிருந்தால் நெய்வார் பிழைப்பது எங்ஙனம் என்பர். பொருளுடைய கேள்வியே. பவானி ஜமக்காளத்தை நினைமின். கைத்தறியிற் பருநூலால் நெய்யும் அவ்வண்ணப்பட்டை விரிப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டாகியும், அத்தறிகளின் ஓசை குறைந்துகொண்டே வருகின்றது. அதனைக் கெடுத்தது பழையதைத் தைத்து உடுத்தவரா? அன்று. அதனைப்போல் அச்சிட்ட, விசைத்தறியில் விரைந்து நெய்த மலிவு விரிப்பும், இரண்டாண்டில் எறிந்து மூன்றாவது வாங்கும் பழக்கமுமே கெடுத்தன. நல்ல ஜமக்காளம் பல்லாண்டு உழைக்கும். நடுவிற் கிழிந்தால் கிழிந்த பகுதியை நீக்கி, ஓரத்தைக் காடாத் துணியால் மூட்டித் திண்டுக்கு உறையாக்கலாம். மலிவு விரிப்பில் நீக்கியபின் மூட்டுதற்கு எஞ்சுவது ஒன்றும் இராது. நல்லதை ஒருமுறை நெய்வாரிடம் வாங்குதலும், வாங்கியதை நெடுநாள் புதுக்கிக் காத்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒரு குடும்பத்துப் பிள்ளைகளேயாம்.

தஞ்சையிற் பிறந்த நம் கிறிஸ்தவத் தமிழர் ஜே. சி. குமரப்பா (1892–1960) இதனை நன்கு உணர்ந்தவர். மேனாட்டிற் கணக்கும் பொருளியலும் கற்று, காந்தியடிகளோடு சேர்ந்து, 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர் அவர். சிறையிலிருந்து எழுதி 1945-இல் வெளியிட்ட நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், ஓர் உயிர் தான் எடுத்துக்கொள்வதற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்கின்றதா என்பதை அளவுகோலாக வைத்துப் பொருளியல்களைத் தரம் பிரித்தார். எம் மனையணிக்கும் அவ்வளவுகோலை வைத்துப் பார்க்கலாம் என்பதே எம் வேட்கை. பின்னிய நாற்காலி மரத்தையும் சேலையையும் கடைசியில் திருப்பிக் கொடுக்கின்றது.

இவ்வளவும் சொல்லி, நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் செய்யாமல் விடுவது முறையன்று. வரும் ஆண்டு விழாவில் மறுபயன் போட்டி வைப்பதாயின் அதன் விதிகளை மாற்றுக. நூலும் ஆணியும் தவிரப் புதிதாய் எதுவும் வாங்கலாகாது. செய்த பொருள் போட்டிக்கு முன் மூன்று மாதமேனும் மாணவர் வீட்டிலோ அறையிலோ பயன்பட்டிருத்தல் வேண்டும். உட்கார்ந்த தேய்வும் கைபட்ட அழுக்கும் அதற்குச் சான்று. நடுவர் கேட்டால் அவர் கண்முன்னே அதனைப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். நடுவர் மூவருள் ஒருவர் பேராசிரியராய் இருக்கட்டும். ஒருவர் தையற்காரராகவும், மற்றொருவர் பழைய பேப்பர்க் கடைக்காரராகவும் இருத்தல் நன்று. பிந்தைய இருவரும் தந்த மதிப்பெண்ணை எவரும் குறைகூற முடியாது.

போட்டிக்கு முன்னரே தொடங்கத்தக்க வேலையும் ஒன்று உண்டு. நூல் நிலையத்தின் பின்னுள்ள சாமான் அறையில், பிரம்பு அறுந்த தேக்கு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. நம் பழைய மாணவர் பலர் அவற்றில் அமர்ந்து படித்திருப்பர். சட்டங்கள் உறுதியாயுள்ளன என்பதைச் சன்னல் வழியே பார்த்தோம். பிரம்பு பின்னும் தொழிலைப் பார்வையற்றோர் பலர் பயின்று திறம்படச் செய்து வருகின்றனர்; அவருள் ஒருவரைச் சில சனிக்கிழமைகளில் ஊதியம் கொடுத்து அழைத்தால், அவரிடம் கற்றுக்கொள்ளத் தமிழ் வகுப்பு மாணவர் பதினொருவர் பெயர் கொடுத்துள்ளோம். பிரம்பின் விலையை யாம் பங்கிட்டுக்கொள்வோம். முதல்வர் அவர்கள் அவ்வறையின் சாவியை மட்டும் தருதல் வேண்டும்.